மடங்காத முழங்கால்

(கிளிநொச்சி பாரதிபுரத்தில் எமது தோட்டக் கமிட்டித் தோழர்கள் வன்னி உறவுகளோடு நடத்திய சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



கூட்டம் தொடங்கும் முன் பாய் விரித்து எல்லோரும் உட்காருங்கள் என்று சொன்னோம். ஏழு பேர் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தார்கள். கதிரை கொண்டுவந்து போட்ட பிறகுதான் இருந்தார்கள். அப்போதும் ஐந்து பேர் ஒரு காலை முன்னால் நீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஏழு பேரில் இரண்டு பேர் மலையிலிருந்து எங்களோடு பஸ் ஏறி வந்தவர்கள். மற்ற ஐந்து பேர் இந்த ஊர்க்காரர். மூட்டு இறுகிப்போவதைப் பற்றித்தான் இன்று பேசவேண்டும் என்று மலையில் இருக்கும்போதே முடிவுசெய்திருந்தோம். ஏன் பேசவேண்டும் என்பதை அந்த ஏழு பேரும் வாய் திறக்காமலே காட்டிவிட்டார்கள்.

சங்கக் கூட்டத்தில் சம்பளம், வீடு, காணி என்று பேசாமல் கால் கையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம்முடைய சம்பளமே கால் கையில்தான் இருக்கிறது. மலையில் கொழுந்து கிள்ளும் விரல் மடங்காவிட்டால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். இங்கே முழங்கால் மடங்காதவரால் மண்வெட்டி பிடிக்க முடியாது, சைக்கிள் மிதிக்க முடியாது, கச்சான் பிடுங்கக் குந்தியிருக்க முடியாது.

நாங்கள் இங்கே விருந்தாளியாக வரவில்லை. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்தை விட்டு உடுத்திய துணியோடு ஓடிவந்த குடும்பங்கள் இந்த மண்ணில் நிறைய. 1983க்குப் பிறகு வந்தவர்களும் இருக்கிறார்கள். வவுனியாவில் டாக்டர் இராஜசுந்தரமும் எஸ்.ஏ. டேவிட் ஐயாவும் நடத்திய காந்தியம் அப்படி வந்தவர்களுக்குக் காட்டை வெட்டிக் குடியிருக்க வழிசெய்தது. அந்த டாக்டர் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், நம் சனத்தின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு வைத்தியர் நம் பிள்ளைகளுக்குப் பெயராவது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான்.

எங்கள் உறவில் ஓர் அண்ணன் இருக்கிறார். அவரும் இந்தப் பக்கம்தான். 2009இல் ஷெல் துண்டு பட்டுத் தொடை எலும்பு நொறுங்கியது. புதுமாத்தளன் கரையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கடல் வழியாக ஏற்றியவர்கள், காயக்காரரும் நோயாளரும் கூடப்போனவர்களுமாக ஏறத்தாழ 14,000 பேர். தொடையில் இரும்புக் கம்பிகளைக் குத்தி, வெளியே ஒரு சட்டம் போட்டு எலும்பை நிறுத்தினார்கள். உயிரும் காலும் தப்பியது அந்த வைத்தியர்களாலும் தாதிமாராலும்தான். அதை மறக்கக்கூடாது. அதற்குப் பிறகு முகாம். மெனிக் பாமில் கூடாரத்துக்குள் கம்பியோடு படுத்த படுக்கை. கம்பி கழற்றியபோது எலும்பு பொருந்தியிருந்தது. "எலும்பு நல்லா ஒட்டியிருக்கு" என்றார்கள். முழங்காலை மடக்கிப் பழக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னது அந்தக் கூட்டத்திலும் அழுகையிலும் அவருக்குக் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கால் ஒரு கட்டைபோல நேராக நிற்கிறது.

போன மாதம் எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் பாகைமானியை இரவல் வாங்கிக்கொண்டு போய் அவர் முழங்காலில் வைத்துப் பார்த்தோம். கால் நேராக நீட்டியிருந்தால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கால் மடங்கியது ஏறத்தாழ 20 பாகை. சமதரையில் ஒழுங்காக நடக்கவே முழங்கால் 60 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். படி ஏற இறங்க 80, 90 தேவை. தாழ்ந்த கதிரையிலிருந்து எழும்ப 90க்கு மேல். சைக்கிள் மிதிக்க 100ஐத் தாண்ட வேண்டும். குந்தியிருக்க 120க்கும் மேல். இந்தக் கணக்கை அவருக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "அப்ப நான் நூறு பாகைக் கடன்காரன்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. பதினைந்து வருடத்துக்கு மேலாக மலசலகூடத்துக்குப் போவதற்கு அவர் படும் பாட்டை அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். குந்த முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நீட்டி, மற்றக் காலில் முழுப்பாரமும் போட்டு... இப்போது அந்த நல்ல காலும் நோகிறது. கலியாண வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு அவர் ஏன் வருவதில்லை என்று நாங்கள் எத்தனையோ முறை குறைசொல்லியிருக்கிறோம். பந்தியில் தரையில் உட்கார முடியாது, வேறு வீட்டுக் கக்கூசுக்குப் போக முடியாது. இதுதான் காரணம்.

சரி, மூட்டு எப்படிப் பூட்டிக்கொள்கிறது? கதவு திறக்காமல் கிடந்தால் பிணைச்சல் துருப்பிடிக்கிறதே, அதைப்போலத்தான், ஆனால் இது இன்னும் வேகம். மூட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. உள்ளே வழுவழுப்பான நீர் இருக்கிறது. எலும்பு முனைகளில் குருத்தெலும்பு இருக்கிறது. மூட்டு அசையும்போதுதான் அந்த நீர் குருத்தெலும்புக்குள் போய் அதற்குச் சாப்பாடு கொடுக்கிறது. அசையாமல் வைத்தால் சில வாரங்களிலேயே உறை சுருங்கத் தொடங்கும். தசை குட்டையாகும். உள்ளே நார் வளர்ந்து இரண்டு பக்கத்தையும் ஒட்டும். எங்கள் அண்ணனுக்கு நடந்ததுபோல தொடைத் தசை முறிந்த எலும்போடேயே ஒட்டிக்கொள்ளும். இந்த அளவில் இருந்தால் பயிற்சியாலும் சிகிச்சையாலும் பலருக்கு மீட்கலாம். இன்னும் போனால் குருத்தெலும்பு அழிந்து, எலும்பும் எலும்பும் சேர்ந்து ஒரே எலும்பாகிவிடும். அதற்குப் பிறகு எந்த எண்ணெயும் எந்தப் பயிற்சியும் அதைத் திறக்காது. மூட்டுக்குள் கிருமி போய்ச் சீழ் கட்டினாலும், மூட்டில் காசநோய் வந்தாலும் இந்தக் கடைசி நிலை சீக்கிரம் வரும். ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சலும் ஒரு மூட்டில் வீக்கமும் சேர்ந்து வந்து, காலை ஊன்ற மாட்டேன் என்று அழுதால் அன்றைக்கே ஆசுபத்திரிக்கு. மறுநாள் பார்ப்போம் என்பது வேண்டாம்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. எந்த மூட்டில் எது வந்தாலும் 'வாதம்' என்று ஒரே பெயர் வைத்துவிடுவது. பெயர் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். காலையில் எழும்பும்போது இரண்டு கை விரல்களும் வீங்கி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மடங்காமல் இருந்தால் அது ஒரு நோய். சீக்கிரம் மருந்து தொடங்கினால் விரல் கோணுவதைத் தடுக்கலாம். இருபது முப்பது வயதுப் பையன், மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலி, விடியற்காலையில் பலகைபோல விறைப்பு, வேலை செய்யச் செய்யக் குறைகிறது, படுத்தால் கூடுகிறது என்றால் அது இன்னொன்று. கவனிக்காமல் விட்டால் முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இந்தப் பையன்களைத்தான் நாம் 'வேலைக்கள்ளன்' என்று ஏசுகிறோம். நாற்பது ஐம்பது வயதில் தோள் மெல்ல மெல்ல இறுகி, தலை சீவவும் சட்டை மாட்டவும் ஏலாமல் போவது வேறொன்று. சீனி வியாதிக்காரருக்கு அது கூடுதலாக வரும். கூடை சுமந்து தேய்ந்தது என்று மட்டும் நினைக்காமல் இரத்தத்தில் சீனியையும் பாருங்கள்.

முழங்கையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நாமே கெடுத்துக்கொள்கிறோம். பிள்ளை மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்தால், கட்டு அவிழ்த்தவுடன் எண்ணெய் போட்டு இழுத்து உருவி வலுக்கட்டாயமாக மடக்குவார்கள். பிள்ளை கத்தும். "கத்தினாத்தான் சரியாகும்" என்பார்கள். அடிபட்ட முழங்கையை அப்படி இழுத்தால் தசைக்குள்ளேயே புது எலும்பு வளர்ந்துவிடுவது உண்டு. அப்புறம் கை நிரந்தரமாக நின்றுவிடும். முறிவு நெரிவு வைத்தியர்களை நாங்கள் இகழவில்லை. ஆசுபத்திரி எட்டாத காலத்தில் தோட்டத்திலும் வன்னியிலும் அவர்கள்தான் நம்மைப் பார்த்தார்கள். ஆனால் முழங்கையைத் தானாக மடக்கப் பழக்க வேண்டும். இன்னொருவர் பிடித்து இழுக்கக் கூடாது.

இப்போது வீட்டில் செய்யக்கூடியது. இதை அம்மாமார் கவனமாகக் கேளுங்கள், படுக்கையில் இருப்பவரைப் பார்ப்பது நீங்கள்தான். முழங்கால் நோகிறது என்றால் கீழே தலையணையை வைத்துவிடுகிறோம். சுகமாக இருக்கும். ஒரு மாதம் அப்படியே கிடந்தால் கால் மடங்கின நிலையிலேயே இறுகிவிடும். மடங்கி இறுகின கால் நீட்டி இறுகின காலைவிட மோசம், ஏனென்றால் நிலத்தை எட்டாது. ஆகவே வைத்தியர் சொன்னாலொழிய முழங்காலுக்குக் கீழே தலையணை வேண்டாம். பாதம் கீழ்நோக்கித் தொங்கக் கூடாது. ஒரு பலகையையோ மடித்த சாக்கையோ பாதத்துக்கு முட்டுக்கொடுத்து, கணுக்காலை 90 பாகையில் நிறுத்துங்கள். நெருப்புச் சுட்ட காயம் ஆறும்போது தோல் சுருங்கி மூட்டை இழுக்கும். பிள்ளைக்குக் கை மடக்கி வைத்திருப்பதுதான் சுகம், அதனால் மடக்கியே வைத்திருக்கும். அந்தச் சுகத்துக்கு விட்டுவிடாமல், வைத்தியர் காட்டினபடி நீட்டி வைக்க வேண்டும்.

கையில் பிளாஸ்டர் போட்டால் பிளாஸ்டருக்கு வெளியே இருக்கும் மூட்டுகளுக்கு லீவு இல்லை. விரல்களை முதல்நாளிலிருந்தே மடக்கி விரிக்க வேண்டும். தோளைத் தூக்க வேண்டும். மணிக்கட்டு முறிந்த பெண்களுக்குத் தோளும் விரலும் இறுகிப்போவதை எங்கள் தோட்டத்தில் நாங்களே பார்த்திருக்கிறோம். முறிந்தது ஒரு இடம், போனது மூன்று இடம். பிளாஸ்டர் கழற்றிய பிறகு இளஞ்சூட்டுத் துணி வைத்து, மெதுவாக இறுக்கம் தெரியும் வரை மடக்கி, முப்பது எண்ணும் வரை பிடித்து விடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே தடவை அரை மணித்தியாலம் செய்வதைவிட ஐந்தாறு தடவை ஐந்து நிமிடம் செய்வது நல்லது. செய்யும்போது கொஞ்சம் இழுக்கும், அது பரவாயில்லை. மறுநாளும் வலியும் வீக்கமும் நின்றால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். முள்ளந்தண்டு அடிபட்டு உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் சூட்டுத் துணியே வேண்டாம். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய இடுப்பு, முழங்கால், கணுக்காலை வீட்டார் தினமும் மெதுவாக அசைத்துவிட வேண்டும்.

எங்களோடு வந்திருக்கும் கவ்வாத்துக்காரத் தோழரைப் பற்றி, அவர் சம்மதத்தோடு சொல்கிறோம். மலையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் பிளாஸ்டர். கழற்றிவிட்டு வேலைக்குப் போனார். கத்தியைப் பிடிக்க முடியவில்லை. "வயசாயிடுச்சு, புல்லு வெட்டப் போ" என்று தோட்டத்தில் சொன்னார்கள். அவரும் போனார். அது வயது அல்ல, வேலையில் நடந்த விபத்து என்று அவருக்கும் தோன்றவில்லை, வெட்கத்தோடு சொல்கிறோம், கமிட்டிக்கும் தோன்றவில்லை. எட்டு மாதம் கழித்துச் சம்பளத் துண்டைப் பார்த்த பிறகுதான் கேட்டோம். விபத்துப் புத்தகத்தில் அன்றைய தேதியில் ஒரு வரிகூட இல்லை.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கை துண்டாகிப் போனால்தான் நட்டஈடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கை உடம்போடு இருந்தும் மூட்டு இறுகி, அதனால் உழைக்கும் சக்தி நிரந்தரமாகக் குறைந்தால் அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் நடக்கும் விபத்தும் சேர்ந்தது. ஆனால் சட்டம் காகிதத்தைத்தான் பார்க்கும். விழுந்த அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி எழுதவையுங்கள். ஆசுபத்திரிக் கார்டில் 'வேலையில் விழுந்தது' என்று எழுதச் சொல்லுங்கள். 'வீட்டில் விழுந்தது' என்று சொல்லும்படி யாராவது புத்தி சொன்னால் உடனே தலைவர் தலைவிக்குத் தெரிவியுங்கள். பிளாஸ்டர் கழற்றிய பிறகு மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று இயன்மருத்துவர் அளந்து எழுதுவார். அந்தத் துண்டுதான் பிற்பாடு பேசும். நம்முடைய தோழரின் வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த ஒரு வரி இல்லாததால்தான் இழுபடுகிறது.

இங்கே ஷெல்லில் அடிபட்டவர்களுக்கு முதலாளி யார், யாரிடம் நட்டஈடு கேட்பது என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இந்தச் சட்டம் அவர்களுக்கு உதவாது. வலுவிழந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். அதைக் கேட்பது பிச்சை கேட்பது அல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறது.

பல வருடம் இறுகிப்போன மூட்டைத் திறக்க முடியுமா? சிலருக்கு முடியும். ஒட்டிய தசையை விடுவிக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது, செயற்கை மூட்டு இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது. எக்ஸ்ரே பார்த்து எலும்பு வைத்திய நிபுணர்தான் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து பயிற்சியை விட்டால் மறுபடி பழையபடிதான். நாங்கள் பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. ஆனால் மூட்டு திறக்காவிட்டாலும் வாழ்க்கையைக் கொஞ்சம் திறக்கலாம். மலசலகூடத்துக்கு உயரமான இருக்கை ஒன்று, பிடிக்க ஒரு கம்பி. சைக்கிளில் மடங்காத கால் பக்கம் பெடல் பிடிக்கும் தண்டைக் குட்டையாக்கினால், குறைவாக மடங்கும் காலாலும் மிதிக்கலாம். ஊரில் ஒரு சைக்கிள் கடைக்காரரும் ஒரு வெல்டிங் பட்டறையும் போதும். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பிள்ளை இருந்தால் வாங்கில் ஓரத்து இடத்தைக் கொடுங்கள், காலை நீட்ட வழி இருக்கும். நாங்கள் ஒரு தவணை முழுவதும் ஒரு பையனை 'காலை மடக்கி ஒழுங்காக இரு' என்று ஏசியிருக்கிறோம். அவன் மடக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்லவும் பயந்திருக்கிறான்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் இயன்மருத்துவம் காசில்லாமல் கிடைக்கும். மாங்குளத்தில் 2024இல் புனர்வாழ்வு வைத்திய நிலையம் திறந்திருக்கிறார்கள். முள்ளந்தண்டு அடிபட்டவர்களே சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பும் மாங்குளத்தில்தான் இருக்கிறது. வீட்டில் படுக்கையோடு இருப்பவரை எப்படிப் பார்ப்பது என்று அவர்களிடம் கேட்டால் அனுபவத்தில் சொல்வார்கள். செயற்கைக் கால், சக்கர நாற்காலி வேண்டியவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் வேலை செய்கிறது. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகுமே என்பதுதான் உண்மையான தடை, அது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் தனித்தனியாகப் போகவேண்டாம் என்கிறோம்.

எங்கள் அண்ணன் இன்றைக்கு வந்திருக்கிறார். பின்வரிசையில், கதிரையில். முதல் பெயர் அவர் கொடுத்திருக்கிறார், கவ்வாத்துத் தோழர் மலைக்குத் திரும்பிப் போய் அங்கே கொடுப்பார். இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் கிளினிக் நாளுக்கு ஒரே வானில் போகலாம், வான் காசைச் சங்கமும் ஊர்ச் சங்கமும் பாதிப்பாதியாகப் போடுவோம் என்று இப்போதுதான் பேசி முடித்தோம். வாசலில் கொப்பியோடு தங்கச்சி ஒருவர் இருக்கிறார். பழைய எக்ஸ்ரே, கம்பி போட்ட காலத்துக் கார்டு, முகாமில் தந்த துண்டு எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். எல்லாம் முள்ளிவாய்க்காலில் தொலைந்துபோனவர்களும் பெயரைக் கொடுங்கள். புதுக் கார்டு போடலாம்.